தன்வந்தரியின் பெயரால்

பூதிகோட்டையும் அடங்கிய மைசூர் அரசில், 1806இல் அரசி தேவாஜம்மணி அம்மை குத்திக்கொண்டார். குடிகளோ தயங்கினர், பெரியம்மை அவர்களுக்கு நோயன்று, மாரியின் வருகை.

அத்தயக்கத்தைப் போக்கச் சென்னை ஆட்சியராயிருந்த எல்லிஸ், சக்தியும் தன்வந்தரியும் உரையாடும் கதையொன்றைத் தமிழில் புனைந்தார். நோக்கம் நல்லதே. 1819இல் தன்வந்தரியின் பெயரால் அம்மை குத்தும் முறையொன்று ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் வெளிவந்தது. பழைய மருத்துவ நூல் எதிலும் இல்லாத செய்தி அது. ஆயினும் 1905இல் கிண்டி கிங் நிலையத் திறப்பில் ஆளுநர் ஆம்ப்டில், பண்டை இந்தியர் அம்மை குத்துதலை அறிந்திருந்தனர் என்றே பேசினார்.

ஊசிக்குச் சாத்திரத்தின் ஒப்புதலைத் தேடிக்கொடுத்தவர்கள், அவ்வொப்புதல் இல்லாத அறிவியலுக்கு வாசலை அடைத்துவிட்டனர் என்பேன். குரங்கு மனிதனானதை முன்னோர் எவரும் எழுதவோ சொல்லவோ இல்லை. டார்வினுக்கு எதிராக 2018இல் ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங் காட்டிய சான்று இதுவே. மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் மறுப்பறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.