அடுக்களைச் சடங்கு

சடங்கு என்றால் நம்மவர்க்குக் கோயிலும் மணப்பந்தலும் இழவு வீடுமே நினைவுக்கு வரும். புரோகிதரும் மந்திரமும் இன்றி, விடியுமுன் தொடங்கி விளக்கணைக்கும்வரை வீட்டினுள் நாள்தோறும் நடைபெறும் சடங்கொன்று உண்டு. அதனைச் செய்பவள் பெண். அச்சடங்கைச் சினிமாவிற் பொறுமையோடு காட்டத் துணிந்தவர் பெல்ஜியம் நாட்டு ஷாந்தால் ஆக்கர்மன் என்னும் பெண்மணியாவார்.

இவர் 1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தாயார் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிர்மீண்டவர். தாயாரைப் பெற்றோர் மீளவில்லை. வீட்டுப் பெண்டிரின் கைப்பழக்கங்களைச் சிறுவயதிற் கண்டதே படத்துக்கு வித்தாயிற்று. 1975 மே மாதம் பிரான்சின் கான் பட விழாவில் அது காட்டப்பெற்றபொழுது ஆக்கர்மனுக்கு வயது 24. ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்ட் முதலாக, உடன் உழைத்தோரிற் பெரும்பாலோர் பெண்களே.

படத்தின் பெயர் தபால் உறைமேல் எழுதும் விலாசம் போன்றது: கதைத்தலைவி ழான் டீல்மனின் பெயர், கதவு எண் 23, தெரு, பிரஸ்ஸல்ஸ். நீளம் 3 மணி 21 நிமிடம். கதையோ மூன்று நாட் கதை. ழான் ஒரு விதவை, ஒரே மகன். காப்பி வடிக்கிறாள், மகனின் சோடுகளைத் துடைக்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள். ஓர் அறையை விட்டு நீங்கும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் நாளுக்கு ஓர் ஆடவன் வந்து போகிறான். அவன் தரும் காசு மேசைமேலுள்ள சூப்புப் பாண்டத்திற் சேர்கிறது. இதுவும் அட்டவணையில் ஒரு வேலையே. காமிராவோ அசைவதில்லை.

மாமியாரில்லை, கணவனில்லை, அதட்டுவார் யாருமில்லை. எனினும் அவள் தனக்குத் தானே கங்காணியாய் நிற்கிறாள்! ஊர் நெடுங்காலம் சொல்லிப் பழக்கியது எலும்பினுள் இறங்கியபின் ஏவுவோர் எதற்கு? நாம் எழுதும் செக்ரோலில் பால்வெட்டுக்குக் கணக்குண்டு, களையெடுப்புக்குக் கணக்குண்டு. வெட்டி முடித்து வீடு திரும்பியவள் மூட்டும் அடுப்புக்குக் கணக்கில்லை. பிரஸ்ஸல்ஸிலும் இல்லை போலும்.

இரண்டாம் நாள் கிழங்கு குழைந்து போகிறது. பாத்திரத்தைக் கையிலேந்தி, என்ன செய்வதென்று அறியாது அடுக்களைக்கும் குளியலறைக்குமாக அலைகிறாள். படத்தில் நம்மை மிக நடுக்கியது இக்காட்சியே. மூன்றாம் நாள் சீக்கிரம் விழித்துக்கொள்கிறாள், ஓய்வு கிடைக்கிறது. அவ்வோய்வை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் வெறுமனே அமர்ந்திருக்கிறாள். அன்று வந்த ஆடவனைக் கத்தரிக்கோலாற் குத்திக் கொல்கிறாள். இக்கொலை வேண்டுமா என்று கேட்பாருண்டு. கிழங்கு குழைந்தபோதே அவளுலகம் இடிந்துவிட்டது. கொலை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை என்பதே நம் கருத்து. ஆனால், கொலைக்குப்பின் இருட்டறையில் மேசையருகே அவள் நெடுநேரம் அமர்ந்திருப்பதை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். நடிகை டெல்ஃபின் செரிக் அங்கே ஒரு சொல்லும் பேசாமல் வென்றுவிடுகிறார்.

கானில் பலர் பாதியில் எழுந்து சென்றதை ஆக்கர்மன் பிற்காலத்திற் கூறியதுண்டு. 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு, தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்திவரும் இலண்டன் பத்திரிகை 'சைட் அண்ட் சவுண்ட்', 2022இல் இப்படத்தை முதலிடத்தில் வைத்தது. அவ்விடம் ஒரு பெண் இயக்கிய படத்துக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. ஆக்கர்மன் 2015இலேயே காலமாகியிருந்தார்.