ஊமைப்படத்தில் இருந்து பேசும் படத்துக்கு: டி.பி.ராஜலட்சுமி

தமிழின் முதல் பேசும் படம் எது என்று கேட்டால் 'காளிதாஸ்' என்று பொது அறிவுப் புத்தகம் படித்த எந்த மாணவரும் சொல்லிவிடுவார். வருடம் 1931 என்றும் சேர்த்துச் சொல்வார். கதாநாயகி யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அந்தக் கதாநாயகி அதற்கு முன்பே ஊமைப்படத்தில் நடித்தவர், பின்னால் படம் இயக்கியவர் என்பது பலருக்கும் தெரியாது. அவர் பெயர் டி.பி.ராஜலட்சுமி.

நாடக மேடை

1911ல் தஞ்சாவூர்ப் பக்கம் திருவையாற்றில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் உள்ள 'டி.பி.' என்பது திருவையாறு பஞ்சாபகேசன் மகள் என்பதைக் குறிக்கிறது. அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. தந்தையும் இறந்து போனார். தாயும் மகளும் பிழைப்பு தேடித் திருச்சிக்கு வந்தார்கள். கேள்வி ஞானத்தால் நன்றாகப் பாடும் அந்தச் சிறுமி சி.எஸ்.சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறி நடிப்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் அல்ல. ஊரும் உறவும் ஏசின. ஆனாலும் அவர் நிற்கவில்லை. எஸ்.ஜி.கிட்டப்பா, எம்.கே.தியாகராஜ பாகவதர் போன்ற பெரிய பாடகர்களுடன் மேடையில் நடிக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

ஊமைப்படக் காலம்

சென்னையில் 1910களின் இறுதியில் ஆர்.நடராஜ முதலியார் 'கீசகவதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அப்போது நடிக்கப் பெண்கள் கிடைப்பதே கஷ்டம். அதனால் ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள் இந்துப் பெயர் வைத்துக்கொண்டு நடித்தார்கள். சென்னையில் மரியன் ஹில் 'விலோசனா' ஆனார். பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ் 'சுலோசனா' ஆனார். ஜெர்மன் இயக்குனர் பிரான்ஸ் ஆஸ்டன், ஹிமான்ஷு ராயுடன் சேர்ந்து 1925ல் எடுத்த புத்தர் கதையில் ரெனீ ஸ்மித் என்ற பெண் 'சீதா தேவி' ஆனார். திரையில் யாரும் பேசப் போவதில்லை என்பதால் எந்த மொழிக்காரர் நடித்தாலும் பிரச்சினை இல்லை.

ஏ.நாராயணன் 1929ல் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கினார். ராஜலட்சுமி திரைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். 'கோவலன்', 'உஷா சுந்தரி' போன்ற ஊமைப்படங்களில் நடித்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பெரிய சொத்தே குரல்தான். அந்தக் குரலுக்கு அந்தப் படங்களில் வேலையே இல்லை!

பேச்சு வந்தது

சினிமா பேசத் தொடங்கியதும் உலகம் முழுக்க ஒரு பெரிய மாற்றம் நடந்தது. முகத்தாலும் கண்ணாலும் மட்டுமே நடித்துப் புகழ் பெற்றவர்கள் தடுமாறினார்கள். டென்மார்க்கில் பிறந்து ஜெர்மன் ஊமைப்படங்களின் பெரும் நட்சத்திரமாக இருந்த ஆஸ்தா நீல்சன் 1932ல் ஒரே ஒரு பேசும் படத்தில் நடித்தார். அதோடு சரி. இங்கே சீதா தேவியின் சினிமா வாழ்வும் பேச்சு வந்ததோடு மங்கியது. சுலோசனா சிறிது காலம் ஒதுங்கி, இந்துஸ்தானி கற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது.

ராஜலட்சுமிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மற்றவர்களைத் தள்ளிய அதே மாற்றம் அவரை முன்னால் கொண்டு வந்தது. பாடவும் வேண்டும், தமிழும் பேச வேண்டும், கேமரா முன் நின்று பழக்கமும் வேண்டும். மூன்றும் சேர்ந்த நடிகை அன்றைக்கு அபூர்வம்.

பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்காக எச்.எம்.ரெட்டி 'காளிதாஸ்' படத்தை இயக்கினார். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' எடுத்த அதே இடம். 1931 அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வெளியானது. முழுத் தமிழ்ப் படம் என்றுகூடச் சொல்ல முடியாது. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். தியாகராஜர் கீர்த்தனை, குறத்தி நடனம், ராட்டையைப் பற்றிய தேசபக்திப் பாட்டு எல்லாம் இருந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதியிருந்தார். கதைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. திரையில் தமிழ் கேட்டதே போதும் என்று ஜனங்கள் கூட்டமாகப் போனார்கள்.

கேமராவுக்குப் பின்னால்

1933ல் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' பெரிய வெற்றி பெற்றது. வள்ளியாக நடித்தவர் ராஜலட்சுமி. 'சினிமா ராணி' என்ற பட்டம் அவருடன் ஒட்டிக்கொண்டது. உடன் நடித்த டி.வி.சுந்தரத்தை மணந்துகொண்டார்.

அதோடு அவர் திருப்தி அடைந்துவிடவில்லை. தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குனர் என்ற இடம் இதனால் அவருக்குக் கிடைத்தது. இந்திய அளவில் 1926லேயே படம் இயக்கிய பாத்மா பேகம் அவருக்கு முந்தியவர். இன்றைக்கும் பெண் இயக்குனர்கள் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், 25 வயதில் அவர் செய்த காரியத்தின் அளவு புரியும்.

காரைக்குடித் தொடர்பு

காரைக்குடிக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் 1938ல் பிரகதி பிக்சர்ஸ் மூலம் 'நந்தகுமார்' எடுத்தார். அதில் யசோதையாக வந்தவர் டி.பி.ராஜலட்சுமி. கண்ணனாக வந்த சிறுவன் டி.ஆர்.மகாலிங்கம், அவருக்கு அதுதான் முதல் படம். தேவகி வேடத்துக்கு லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு தொடங்கியது இந்தப் படத்தில்தான் என்பார்கள்.

இதை ஒரு திருப்பமாகவே பார்க்கலாம். பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும் என்ற விதி ராஜலட்சுமியை உயர்த்தியது. அந்த விதி தளரத் தொடங்கியதும் அவர் நடித்த படத்திலேயே! பின்னால் மெய்யப்பன் காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்து 1947ல் 'நாம் இருவர்' வெளியிட்டபோது மகாலிங்கம் கதாநாயகன். ராஜலட்சுமிக்கோ வாய்ப்புகள் குறைந்திருந்தன. சொந்தப் படங்களில் போட்ட பணமும் கரைந்திருந்தது. 1964ல் அவர் காலமானார்.

மிஞ்சியது என்ன?

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. தென்னிந்திய ஊமைப்படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்தக்கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், உஷ்ணத்தில் கெட்டுப் போகும். ஓடி முடிந்த படத்தைக் காசு கொடுத்துப் பாதுகாக்க யாரும் நினைக்கவில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுக்க உருக்கிய படங்களும் உண்டு.

ஊமைப்படத்தில் கேட்காத குரல் 'காளிதாஸ்' படத்தில் கேட்டது. இன்று அந்தப் படமும் இல்லாததால் மறுபடியும் கேட்காமல் போய்விட்டது. தமிழ்த் திரையில் முதலில் பேசிய பெண்ணைப் பற்றி இன்று தெரிவதெல்லாம் பத்திரிகைச் செய்திகள், விளம்பரங்கள், சில புகைப்படங்கள் வழியாகத்தான். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ சினிமா நோட்டீஸோ கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அதில் ஒரு வரலாறு இருக்கலாம்.