கோட்டைக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று

2019 ஏப்ரல் 18. திருமுல்லைவாயில் வாக்காளருக்கு அன்று வேலை சுலபம். மறைப்புக்குப் பின்னால் ஒரே இயந்திரம், மக்களவைக்கு ஒரு பொத்தான், ஒரு நீண்ட பீப் சத்தம், அவ்வளவுதான். பக்கத்துத் தொகுதியான பூந்தமல்லியிலோ இரண்டு இயந்திரங்கள் காத்திருந்தன. ஒன்றின் மேல் வெள்ளைத் தாள், மற்றதன் மேல் இளஞ்சிவப்புத் தாள். வெள்ளை மக்களவைக்கு, இளஞ்சிவப்பு சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்குள் ஏழு நொடி சீட்டு தெரிந்து மறையும். பிறகு அடுத்த இயந்திரம், மறுபடி ஏழு நொடி.

திருமுல்லைவாயில் அடங்கிய ஆவடியும் பூந்தமல்லியும் ஒரே திருவள்ளூர் மக்களவைத் தொகுதியின் துண்டுகள். 2016-ல் இரண்டுமே அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்குத்தான் விழுந்தன. அப்படியிருக்க ஒன்றுக்கு மட்டும் ஏன் இடைத்தேர்தல் வந்தது என்பது தனிக்கதை.

ஆவடி உறுப்பினர் மாஃபா பாண்டியராஜன், 2011-ல் விருதுநகரில் தே.மு.தி.க. சின்னத்தில் வென்றவர். பிறகு அ.தி.மு.க.வுக்கு வந்து 2016-ல் ஆவடியில் நின்றார். தி.மு.க.வின் சா.மு. நாசரை அவர் வென்றது வெறும் 1,395 வாக்குகளில். ஜெயலலிதா மறைவுக்குப் பின் ஓ. பன்னீர்செல்வம் பக்கம் போனார். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரியபோது ஆதரவாக 122 பேர், எதிராக 11 பேர். அந்தப் பதினொருவரில் ஆவடி உறுப்பினரும் ஒருவர். ஆகஸ்ட் 21-ல் அணிகள் இணைந்தன. எதிர்த்து வாக்களித்த அதே முதல்வரின் அமைச்சரவையில் பாண்டியராஜன் அன்றே அமைச்சரானார்.

மறுநாள் ஆகஸ்ட் 22. அ.தி.மு.க.வின் டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். பூந்தமல்லி உறுப்பினர் டி.ஏ. ஏழுமலையும் அதில் இருந்தார். செப்டம்பர் 18-ல் பேரவைத் தலைவர் ப. தனபால் பதினெட்டு பேரின் பதவியைப் பறித்தார். 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அக்டோபர் 25-ல் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். அவையிலேயே எதிர்த்து வாக்களித்தவருக்கு அமைச்சர் நாற்காலி, வெளியே கடிதம் கொடுத்தவருக்கு வீடு! 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளில் காட்டிய இரண்டு முகங்கள் இவை. சட்டப் புள்ளிகள் ஆயிரம் இருக்கலாம். இது என்ன நியாயம் என்ற டீக்கடைக் கேள்விக்கு அவை பதில் ஆகாது.

கொறடா உத்தரவு கட்டுவது உறுப்பினரை மட்டும்தான். வாக்காளர் ஒரே நாளில் இரண்டு கட்சிக்குக் குத்தினாலும் கேட்பாரில்லை. தமிழ்நாட்டில் அவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், கற்றுக்கொடுத்தவர்கள் கட்சிக்காரர்களே என்று தெரியவரும்.

முதல் பாடம் 1952-ல். அன்று சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், இரட்டை உறுப்பினர் மக்களவைத் தொகுதி. காங்கிரஸின் மரகதம் சந்திரசேகர் அங்கே வென்றார். அத்தகைய தொகுதியில் ஒருவருக்கு இரண்டு வாக்கு, இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. கட்சிக்கு ஒன்று, மனதுக்குப் பிடித்தவருக்கு ஒன்று என்று பிரிக்க வழி திறந்தே இருந்தது.

அந்தத் தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்ட பிற கட்சி வேட்பாளர்களுக்கு வாக்களிக்கச் சொன்னது. செங்கல்பட்டு, வடாற்காடு பக்கம் செல்வாக்குள்ள மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. ஆறு இடம் வென்ற அந்தக் கட்சியின் தலைவர், பெரும்பான்மை இல்லாமல் தவித்த காங்கிரஸின் ராஜாஜி அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார். காங்கிரஸைத் தோற்கடிக்கவென்று போட்ட வாக்கு காங்கிரஸ் அரசைத் தாங்கியது. தாவியது வாக்காளர் அல்ல.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தைப் போட்டது. ஊர்ப் பெயர் இந்தியா முழுக்க அடிபட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் மாநிலம் கட்சியின் கையை விட்டுப் போனது.

பெரிய பாடம் 1971-ல். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து நடந்த தேர்தல் அது. இந்திரா காந்தியின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. மக்களவைக்கு ஒன்பது இடங்கள் மட்டும் வாங்கிக்கொண்டு, கோட்டையை முழுசாக தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. ஒன்பதும் கிடைத்தன, தி.மு.க.வுக்கு 184 சட்டமன்ற இடங்கள். அதற்கு அந்தத் தொகுதிகளின் காங்கிரஸ் விசுவாசி ஒரு சீட்டில் தன் கட்சிக்கும் இன்னொன்றில் உதயசூரியனுக்கும் முத்திரை குத்த வேண்டியிருந்தது. கட்சி மேலிடமே, விசுவாசத்தின் பேரால், சின்னம் மாறிக் குத்தச் சொன்னது.

சொல்லிக்கொடுத்ததை மக்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது 1980-ல். ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37. முதல்வர் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்குச் சிவகாசியும் கோபிச்செட்டிபாளையமும் மட்டுமே. மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி பிப்ரவரி 17-ல் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே கடைசியில் சட்டமன்றத் தேர்தல், அ.தி.மு.க. மட்டும் 129. ஐந்து மாதத்துக்குள் இப்படி ஒரு குட்டிக்கரணம்! இடையில், பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு வைத்திருந்த ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பை எம்.ஜி.ஆர். நீக்கியிருந்தார். ஆட்சியைப் பறித்துவிட்டார்களே என்ற அனுதாபம் வேறு. எதிரணியில் தி.மு.க.வும் காங்கிரஸும் ஏறக்குறைய சரிபாதியாகத் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. காரணங்கள் இத்தனை இருந்தாலும் அடியில் இருந்தது ஒரே கணக்கு: டெல்லிக்கு இந்திரா, கோட்டைக்கு எம்.ஜி.ஆர்.

இரு கட்சிக்காரர்களுக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. 1984-ல் மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸுக்கு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அ.தி.மு.க.வுக்கு என்று கூட்டணி போட்டார்கள். மக்கள் தாமாகப் பிரித்ததைத் தொகுதிப் பங்கீடாக எழுதிவிட்டார்கள் என்றே சொல்லலாம். எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1989 ஜனவரியில் தி.மு.க.வுக்கு 150 சட்டமன்ற இடங்கள் தந்தவர்கள், அதே நவம்பரில் மக்களவைக்கு ஒரு இடம்கூடத் தரவில்லை.

1980, 1989 பிளவுகள் மாத இடைவெளியில் நடந்தவை. மனம் மாறிவிட்டது என்றாவது சொல்லலாம். 2019 ஏப்ரல் 18-ல் அந்தச் சாக்குக்கு இடமில்லை. இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே ஓரடி தூரம்தான். அன்றும் மே மாதமும் சேர்த்து 22 தொகுதிகளில் இடைத்தேர்தல். மக்களவையில் தி.மு.க. அணி 38 இடங்களை அள்ளியது, இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு 9 கிடைத்து, எடப்பாடி அரசு 118 என்ற கோட்டைத் தாண்டியது. மானாமதுரை, விளாத்திகுளம், பரமக்குடி மூன்றிலும் இரட்டை இலை வென்றது. அவை அடங்கிய சிவகங்கை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மக்களவைத் தொகுதிகளிலோ கூட்டணி சார்பில் நின்றது பா.ஜ.க.; மூன்றிலும் அது தோற்றது. இலைக்குக் குத்திய விரல்கள் எல்லாம் தாமரைக்குப் போகவில்லை என்று எண்ணத்தான் தோன்றுகிறது.

தேனியில் கதை தலைகீழ். அ.தி.மு.க. வென்ற ஒரே மக்களவைத் தொகுதி அது. ஆனால் அதற்குள் இருக்கும் ஆண்டிப்பட்டியும் பெரியகுளமும் தி.மு.க.வுக்குப் போயின. ஆண்டிப்பட்டியில் மோதியவர்கள் உடன்பிறந்த அண்ணன் தம்பிகள், தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன். அந்த வீட்டு உறவினர்கள் யாருக்குக் குத்தினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பூந்தமல்லியில் அப்படிப் பிளவு தெரியவில்லை. சட்டமன்றத்துக்கு தி.மு.க.வின் ஆ. கிருஷ்ணசாமி, திருவள்ளூர் மக்களவைக்குக் காங்கிரஸின் ஜெயக்குமார், இருவரும் சுலபமாக ஜெயித்தார்கள். ஆனால் அங்கும் தி.மு.க. தொண்டர் வெள்ளைத் தாளில் கையையும் இளஞ்சிவப்புத் தாளில் சூரியனையும் தேடித்தான் அழுத்தினார். திருமுல்லைவாயில் தொண்டருக்கு அன்று சூரியன் கண்ணிலேயே படவில்லை. கட்சி மாறாமல் சின்னம் மாறிக் குத்துவதை இந்தப் பக்கத்தில் யாரும் தாவல் என்று நினைப்பதில்லை. அது கூட்டணி தர்மம்.

2021-ல் ஆவடியில் மறுபடி அதே இருவர், பாண்டியராஜனும் நாசரும். 1,395-ல் தோற்றவர் இம்முறை 55,275 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, பால்வளத் துறை அமைச்சராகவும் ஆனார். 2024-ல் திருவள்ளூரில் மீண்டும் காங்கிரஸ். சசிகாந்த் செந்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். திருமுல்லைவாயில் சூரியக்காரர்கள் அன்றும் கைக்குத்தான் குத்தினார்கள்.