யாழும் கள்ளும் பிரிந்த வரலாறு: அடையாற்றங்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், அடையாற்றின் மேல்பகுதியில் அமைந்த ஊர். சுமார் 42 கி.மீ. ஓடிக் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் கரையில், மதுவருந்திக்கொண்டே இசை கேட்கும் சிறு விடுதி மரபு ஏதும் உருவாகவில்லை. மாறாக, மேற்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றின் நடுவிலுள்ள ஈல் பை தீவில் இருந்த பழைய விடுதி 1956 முதல் ஜாஸ் இசைக்கும், பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற இளம் குழுக்களுக்கும் மேடையானது. இங்கு அப்படி நிகழாததற்குத் தமிழ்ப் பண்பாட்டையே காரணமாகச் சொல்வதுண்டு. ஆனால் 1886 முதல் 1948 வரையிலான சட்டம், வரி, சீர்திருத்தம் ஆகியவையே இசையையும் மதுவையும் பிரித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

சங்க காலம்

ஆறு, கள், இசை மூன்றும் ஒன்றாய் இருந்ததற்குப் பரிபாடலே சான்று. கிடைத்துள்ள 22 பாடல்களில் எட்டு வையை (வைகை) ஆற்றைப் பற்றியவை. புதுப்புனலாட்டு, மதுவுண்ட களிப்பு, கரையில் எழும் இசை யாவும் அவற்றில் உண்டு. ஆறாம் பாடலின் குறிப்பு, பாடியவர் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ் என்று தனித்தனியே பதிவு செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடங்களில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதியமானுடன் கள்ளைப் பகிர்ந்துண்டு பாடிய நாட்களை எண்ணி அவன் மறைவுக்கு ஔவையார் வருந்துகிறார். பாணர் மரபில் கள் விருந்தின் பகுதி. அதில் இழிவு எதுவும் இல்லை.

வரியும் மறியலும்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (கலால்) சட்டம் கள்ளை அரசின் வருவாய்ப் பொருளாக இறுக்கியது. கள் இறக்கும் மரத்துக்கு வரி கட்ட வேண்டும். விற்கும் கடை ஏலத்துக்குப் போகும். ஏலத்தொகையை மீட்க வேண்டிய கடைக்காரருக்கு விற்பனை ஒன்றே குறி. உழைப்பாளியின் கூலி கடையிலேயே கரைந்தது. அதன் துயரைச் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலைப் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்று நடத்தியது தற்செயல் அன்று. பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

இசை சபாவுக்குள் புகுந்தது

இதே காலத்தில் இசையும் இடம் மாறியது. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசித்தார். ஒலிபெருக்கி கிடையாது, கூடத்தில் சிலர் மட்டுமே, சிறு சத்தமும் எழாமல் கேட்க வேண்டும். இத்தகைய வீட்டுக் கச்சேரிகளின் இடத்தைச் சபாக்கள் மெல்லப் பிடித்தன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900இலும், மியூசிக் அகாடமி 1928இலும் பிறந்தன. 1947இல், தனம்மாள் போன்ற கலைஞர்கள் வந்த தேவதாசி மரபை ஒழிக்கும் சட்டம், அடுத்த ஆண்டே முழு மதுவிலக்கு. சபா மேடை அடைந்த மதிப்புக்கு மதுவிலிருந்து விலகி நிற்பதும் ஓர் அடையாளமாயிற்று.

இப்பிரிவு நகரின் வரைபடத்திலும் தெரிகிறது. அடையாற்றங்கரையில் மௌப்ரே என்ற ஆங்கிலேய அதிகாரி கட்டிய மாளிகையில் 1890இல் ஐரோப்பியருக்கான அடையாறு கிளப் தொடங்கியது. 1963இல் மெட்ராஸ் கிளப்புடன் இணைந்தது. அவர் பெயரைத் தாங்கிய மௌப்ரேஸ் சாலைதான் இன்றைய டி.டி.கே. சாலை. மியூசிக் அகாடமி அரங்கம் நிற்பதும் அதே சாலையில்தான்: மது கிளப்பிலும் இசை அரங்கிலுமாகப் பிரிந்து நின்றன.

1971க்குப் பின்

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் உருவானது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம். 1981ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி கிளப்புகளும் நட்சத்திர ஓட்டல்களும் மதுக்கூடம் நடத்தலாம். ஆகவே மதுவோடு நேரடி இசை கேட்பது வசதி படைத்தோருக்கே வாய்த்தது. எளியவருக்குக் கிடைத்தது, பாட்டு இல்லாத டாஸ்மாக் பார்.

முடிவுரை

மது குடும்பங்களை அழித்த வரலாறு கண்முன் இருக்கிறது; எனவே ஆற்றங்கரையில் மதுவிடுதி வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. 1937இல் சேலத்தில் கடைகளை மூடியபோது, மாலைப்பொழுது வெறுமையாகும் என்பதையும் அரசு உணர்ந்திருந்தது; விளையாட்டு, பஜனை எனப் பொதுமக்களுக்கு மாற்று ஏற்பாடுகளையும் செய்தது. பின்வந்த மதுக்கொள்கை, கடையைத் திறப்பதா மூடுவதா என்பதோடு நின்றுவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூரில் ஆற்றோரம் எதையும் கட்டுவது தகாது. ஆனால் வெள்ளம் எட்டாத மேட்டில், ஐம்பது பேர் அமர்ந்து பறையும் கானாவும் கர்நாடக இசையும் கட்டணமின்றிக் கேட்க ஒரு பொதுக்கூடம் அமைக்க முடியும். சேலத்தில் தொடங்கி, பாதியில் விடப்பட்ட பணி அதுதான்.