வியன்னாவுக்குப் போன பாம்பன் வண்டி

1897 ஜனவரி 26. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த விவேகானந்தர் பாம்பன் கரையில் இறங்கினார். எதிர்கொண்டு அழைத்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சிகாகோவுக்குப் போய் வாருங்கள் என்று முன்பே தெம்பு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு ஜனமாக ராஜாவும் சேர்ந்து இழுத்த கதை ராமேஸ்வரம் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வண்டி அதற்குப் பிறகு போன தூரம்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.

ரொமெய்ன் ரோலண்ட் பிரெஞ்சு எழுத்தாளர். 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். இந்தியாவை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை வீடொன்றில் உட்கார்ந்தபடி ராமகிருஷ்ணர், விவேகானந்தர் இருவரின் வரலாற்றையும் எழுதினார். ராஜாக்கள் காலில் விழுந்ததும் வண்டி இழுத்ததும் அதில் வருகின்றன.

அந்தப் புத்தகங்களுக்குச் சற்று முன்னால், 1927இல், வியன்னாவிலிருந்து உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் பிராய்ட் தம் புதிய நூலை ரோலண்டுக்கு அனுப்பியிருந்தார். மதம் வெறும் மாயை என்று வாதாடும் நூல். டிசம்பர் 5ஆம் தேதி ரோலண்ட் பதில் எழுதினார். நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மதங்களுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணான ஓர் உணர்ச்சியைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள் என்பது அதன் சாரம். கரை காணாத, உலகத்தோடு ஒன்றாய்க் கலந்த அந்த உணர்ச்சிக்கு அவர் வைத்த பெயர் பெருங்கடல் உணர்ச்சி.

பிராய்டை இந்தக் கடிதம் நிம்மதியாக விடவில்லை. 1930ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த ‘நாகரிகமும் அதன் அதிருப்திகளும்’ நூலின் முதல் அத்தியாயமே இதற்குப் பதில்தான். அப்படியோர் உணர்ச்சி தமக்குள் அகப்படவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிறகு அவர் போய் நிற்கும் இடம், பால்குடிப் பிள்ளை.

நம்மூர் வீட்டுக்குள்ளேயே அதைப் பார்க்கலாம். தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. உத்தரத்தில் அம்மாவின் பழைய நூல்சேலையில் கட்டிய தூளி. பிள்ளை விழித்துக்கொள்கிறது. கைவிரல் வாய்க்கு எப்போது வேண்டுமானாலும் வருகிறது. தாயின் மார்பு அப்படி வருவதில்லை. அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். அழுதால் கைத்தண்ணீரைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். சில சமயம் உடனே, சில சமயம் தாமதமாக. இந்தத் தாமதத்தில்தான் ‘நான்’ வேறு, ‘வெளியே இருப்பது’ வேறு என்ற பிரிவு முளைக்கிறது என்கிறார் பிராய்ட். அதற்கு முன் எல்லாம் ஒன்றே. அந்த முதல் ஒருமை சிலருக்குள் வற்றாமல் தங்கிவிடுகிறது. ஞானிகள் கடல் என்பது அதைத்தான்.

மனதில் பழையது அழிவதில்லை என்பதற்கு அவர் ரோமாபுரியை உதாரணம் காட்டினார். நமக்குத் தனுஷ்கோடி போதும். 1964 புயலுக்குப் பிறகு அங்கே தேவாலயத்தின் மொட்டைச்சுவர் போன்ற இடிபாடுகள்தான் மிச்சம். மனதின் தனுஷ்கோடியிலோ கூரையும் மணியும் ரயிலும் அப்படியே இருக்கும்.

இதுவரை சரி. அதற்கடுத்து பிராய்ட் தாயைச் சட்டென்று விட்டுவிட்டுத் தகப்பனிடம் போய்விடுகிறார். மதத்தின் வேர், பிள்ளையின் கதியற்ற நிலையும் தகப்பனின் காவலுக்கான ஏக்கமும்தானாம். கடலைத் தாய் என்று கும்பிட்டுவிட்டு வள்ளம் தள்ளுகிற கரையில் நின்று இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1978இல் ‘தி இன்னர் வேர்ல்ட்’ எழுதிய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கார், இந்தியப் பிள்ளை தாயின் உடம்போடு ஒட்டியே நெடுநாள் வளர்வதை நடுவில் வைத்துத்தான் நம் ஆளுமையைப் பேசினார்.

இன்னொரு சண்டை பிராய்ட், ரோலண்ட் இருவரோடும். கடலுக்குக் கரையில்லை என்பது கரையில் இருப்பவர்கள் பேச்சு. பாம்பன்காரருக்கு வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே குமுறுகிற ஆண்கடல். வாடையும் கச்சானும் வேறு வேறு குணம். 1974க்குப் பிறகு அதில் இலங்கையோடு எல்லைக்கோடும் உண்டு. தாண்டினால் என்ன ஆகும் என்று எந்த விசைப்படகுக்காரரையும் கேளுங்கள். கடலோடு கலந்துவிடாமல் வீடு திரும்புவதுதான் இங்கே பிழைப்பு.

1930 ஜனவரியில் ரோலண்டின் தொகுதிகள் பிராய்டிடம் போய்ச் சேர்ந்தன. பாம்பன் வண்டியும் கூடவே போனது என்று வைத்துக்கொள்ளலாம். எழுபத்து மூன்று வயதுக்காரர் நன்றி சொல்லி எழுதினார்: உங்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு இந்தியக் காட்டுக்குள் நுழைந்து பார்க்கிறேன் என்று. கடல் என்று அனுப்பியது அவருக்குக் காடாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டி கல்கத்தாவிலிருந்து ஒரு பொட்டலம் போனது. 1922இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸும் நண்பர்களும் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை. பிராய்ட் அதைத் தம் மேசைமேல் வைத்தார். கொஞ்ச நாளில் தந்தத்தில் விரிசல் விட்டது. கல்கத்தாவில் பழகிய சாமிக்கு வியன்னாவின் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

(தொடரும்)