ஒயிவா தலைவாரும் காட்சி

1825இல், இன்று டோக்கியோ ஆகிவிட்ட எடோ நகரின் நகமுரா-ஸா அரங்கில் சுருயா நம்போகு எழுதிய ‘தோகைதோ யோட்சுயா கைதான்’ என்ற நாடகம், ஜப்பானிய மரபு மேடைக்கலையான கபுகி வடிவில் அரங்கேறியது. முகத்தை மறைக்கும் கருங்கூந்தலோடு ஜப்பானியப் பேய்ப்படங்களில் வரும் பெண்ணுக்கு மூதாதை தேடுகிறவர்கள் இந்த மேடைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

எஜமானை இழந்து வறுமையில் கிடக்கும் சாமுராய் இயெமோன். அவன் மனைவி ஒயிவா, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பக்கத்து வீட்டுப் பணக்காரரின் பேத்திக்கு இயெமோன்மேல் ஆசை. அந்த வீட்டிலிருந்து பிரசவ மருந்து என்ற பெயரில் விஷப்பொடி வருகிறது. நன்றியோடு வாங்கிக் குடிக்கிறாள் ஒயிவா. முகம் சிதைகிறது. உண்மை தெரிந்ததும் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்புகிறாள். மணமான பெண்ணின் வழக்கப்படி பல்லில் கறுப்புச் சாயம் பூசி, தலை வாருகிறாள். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது. ரத்தம் சொட்டுகிறது.

இந்தக் காட்சியில் பேய் இல்லை. அவமானப்பட்ட நேரத்திலும் முறை தவறாமல் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஒரு தாய்தான் இருக்கிறாள். பார்ப்பவர் மனம் இங்கேயே அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பிறகு அவள் இறந்து, ஆவியாகத் திரும்பும்போது அரங்கமே அவளுக்காகக் காத்திருக்கிறது. ஜப்பானியப் பேய்க்கதையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் இதுதான்: அச்சத்துக்கு முன்னால் அங்கே ஒரு நியாயம் வந்து நிற்கிறது.

நம்போகு இன்னொன்றும் செய்தார். எஜமானுக்காகப் பழிதீர்த்த நாற்பத்தேழு சாமுராய்களின் புகழ்பெற்ற கதையான ‘சூஷின்குரா’வோடு கலந்து, இரண்டு நாள் நிகழ்ச்சியாக இதை மேடையேற்றினார். விசுவாசத்தைப் போற்றும் காட்சிகளுக்கு நடுவே, அதே சாமுராய் வர்க்கத்தின் துரோகம் அரங்கேறியது. துணிச்சலான ஏற்பாடு!

கபுகியில் நடிப்பவர்கள் ஆண்களே. ஒயிவாவாக நடித்தவர் மூன்றாம் ஒனோயே கிக்குகொரோ. ஒயிவாவையும் கொலையுண்ட வேலைக்காரன் கோஹேயையும் ஒரே கதவின் இருபுறமும் அறைந்து ஆற்றில் விடுகிறான் இயெமோன். மிதந்துவரும் கதவைப் புரட்டினால் மறுபக்கத்தில் அடுத்த பிணம். இரண்டும் ஒரே நடிகர்! எரியும் காகித விளக்கைக் கிழித்துக்கொண்டு ஒயிவா வெளிப்படும் உத்தி பின்னாளில் சேர்ந்தது. ஓவியர் ஹொகுசாய் அவளை அந்த விளக்காகவே வரைந்தார்.

இத்தகைய நாடகங்களுக்கு உரிய பருவம் கோடை. முன்னோர் ஆவிகள் வீடு திரும்பும் ஒபோன் பண்டிகையும் அப்போதுதான். புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்பு சில்லிட்டால் போதும்.

சினிமா வந்ததும் ஒயிவா திரைக்கு மாறினாள். கதை பலமுறை படமானது. 1959இல் நொபுவோ நகாகவா வண்ணத்தில் எடுத்த படத்தைத் தலைசிறந்ததாகச் சொல்பவர்கள் பலர். 1998இல் ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்கு’வில் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வரும் சதாகோவுக்கும் அதே கூந்தல். நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமாக்கி, படச்சுருளை எதிர்த்திசையில் ஓட்டினார்கள். பழைய கதவுப் புரட்டலைப் போலவே எளிய வித்தை. ஒயிவாவைப் போலவே இந்தப் பேய்களும் அநீதிக்கு ஆளானவர்கள்: சதாகோ கிணற்றில் தள்ளப்பட்டவள். தகாஷி ஷிமிசுவின் ‘ஜூ-ஒன்’ படத்தில் வரும் கயாகோ கணவன் கையால் செத்தவள். ஹாலிவுட் இரண்டு கதைகளையும் வாங்கி மறுபடி எடுத்தது.

டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் ஒயிவாவுக்குக் கோயில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உண்மையான ஒயிவா, உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்திய நல்ல மனைவி என்கிறது அந்தக் கோயிலின் மரபு. இந்தக் கதையை மேடையேற்றுபவர்களும் படமெடுப்பவர்களும் முதலில் அங்கே போய் அவளை வணங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கம்.