கண்டியரசின் துப்பாக்கியும் மழையும்

கண்டியரசு ஐரோப்பியரை நெடுங்காலம் எதிர்த்து நின்றமைக்கு மலையும் காடும் காரணமென்பர். மழையையும் அவற்றோடு சேர்த்தெண்ணல் தகும். அக்காலத் துப்பாக்கிகள் வாய்வழியே மருந்து இடப்பெறுவன. எரியும் திரியோ சக்கிமுக்கிப் பொறியோ வெளிக்கிண்ணத்து மருந்தைப் பற்றுவிக்க, அத்தீ சிறுதுளை வழியே குழலினுட் புகும். ஈரம் படின் பற்றாது. 1630இல் ஊவாவிலுள்ள ரந்தெனிவெலையில் போர்த்துக்கேயரின் மருந்தும் திரியும் பெருமழையில் நனைந்தன. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா போரில் மாண்டான்.

ஆயின், மழை கண்டியர்க்கும் பொதுவன்றோ? கண்டிக்குக் கிழக்கே தும்பறை மலைக் குகையொன்றில் வெடியுப்பு எடுக்கப்பெற்றமையை யோன் டேவி தமது 1821ஆம் ஆண்டு நூலில் விவரித்துள்ளார். அவ்வுப்பாலாய மருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். தீச்செல்லும் துளையையும் அடைக்கும். கசடிலுள்ள உப்புக்கள் நீரிலே கரைவனவாதலின், எண்ணெய் மட்டும் போதாது. குழலை நீராற் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் பூசல் வேண்டும்.

ஒல்லாந்திலிருந்து 2023இல் இலங்கைக்கு மீண்ட பொருள்களுள் சிங்களப் பெருந்துப்பாக்கிகள் இரண்டுள. அவற்றின் வேலைப்பாட்டை வியப்போர் அச்சிறுதுளையையும் நோக்குவாராக. வீரத்தோடு அத்துளையின் தூய்மையும் நாட்டைக் காத்தது.